மொதேராவில் இரவு என்ன விலை?

சூரியனுக்குக் கோயில் கட்டிய குஜராத் கிராமத்தில் இன்று வீட்டு மாடிகளிலெல்லாம் மின்தகடுகள். பகல் வெளிச்சம் மலிவாகிவிட்டது. செலவெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

மேசாணா நகரிலிருந்து மேற்கே கிளம்பும் பயணியின் கண்ணில் முதலில் படுவது சூரியன் அல்ல, எண்ணெய். ஆமணக்கு வயல்களுக்கும் கடுகு வயல்களுக்கும் நடுவே ஓ.என்.ஜி.சி.யின் பம்புகள் இரும்புக் கழுத்தை மேலும் கீழும் ஆட்டியபடி நிற்கின்றன. நாட்டின் பெரிய தரைவழி எண்ணெய் வயல்களில் ஒன்று இந்த மாவட்டம். சுமார் 25 கிலோமீட்டர் தாண்டினால் புஷ்பாவதி ஆற்றங்கரையில் மொதேரா வந்துவிடுகிறது. இங்கே பேச்சு வேறு. டீக்கடையில் வந்து உட்காரும் வெளியூர்க்காரரிடம் இரண்டு விஷயங்களைப் பெருமையாகச் சொல்லாமல் இந்த ஊர் விடாது. ஒன்று, ஆயிரம் ஆண்டுப் பழமையான சூரியன் கோயில். மற்றொன்று, கரன்ட் பில்.

கோயிலில் இப்போது பூஜை கிடையாது. சோலங்கி வம்சத்து முதலாம் பீமதேவன் காலத்தில், 1026-27 வாக்கில் எழுந்தது. தெற்கே ராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்த அதே காலம். கருவறையின் பின்சுவரில் விக்ரம சம்வத் 1083 என்ற ஆண்டு தலைகீழாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிகரம் போய்விட்டது. மூலவரும் இல்லை. மிஞ்சியிருக்கும் சபா மண்டபத்தின் 52 தூண்களை ஆண்டின் 52 வாரங்களோடு முடிச்சுப் போட்டுக் காட்டாத வழிகாட்டி யாரும் இல்லை. முன்னால் இருக்கும் படிக்குளம்தான் உண்மையில் பிரமிக்க வைப்பது. படிகள் முக்கோணம் முக்கோணமாகக் கீழே இறங்க, அவற்றுக்கு இடையில் சிறு சிறு சன்னதிகள். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் காலைக் கதிர் நேராகக் கருவறைக்குள் நுழையும்படி கிழக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். கடக ரேகை ஏறக்குறைய இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத இடம்.

அந்த வெயிலை வீட்டுக்குள் இறக்கிக்கொள்ள என்ன செலவாகும்? இந்தக் கேள்விக்கு மொதேரா ஒரு பதிலைச் சொல்கிறது. வழக்கமான விளம்பரத் தாளில் வராத பதில் அது.

2022 அக்டோபர் 9 அன்று பிரதமர் நரேந்திர மோடி மொதேராவை நாட்டின் முதல் 24 மணி நேர சூரிய மின்சாரக் கிராமம் என்று அறிவித்தார். ஊரிலுள்ள 1,300க்கும் மேற்பட்ட வீடுகளின் மேல் ஆளுக்கு ஒரு கிலோவாட் அளவில் தகடுகள் பொருத்தப்பட்டன. பக்கத்து ஊரான சுஜான்புராவில் 12 ஹெக்டேர் அரசு நிலத்தில் 6 மெகாவாட் நிலையம் ஒன்று. அதோடு 15 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரித் தொகுப்பு. மொத்தச் செலவு 80 கோடியே 66 லட்சம் ரூபாய். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட்டன. வீட்டுக்காரர்கள் ஒரு பைசாவும் தரவில்லை. பில்லில் 60 முதல் 100 சதவிகிதம் வரை மிச்சமாகும் என்றது அரசுக் குறிப்பு. அதாவது எல்லோருக்கும் பூஜ்யம் அல்ல. மின்விசிறியும் டி.வி.யும் ஒரு ஃபிரிட்ஜும் உள்ள வீடு மாதம் 100 முதல் 120 யூனிட்டில் அடங்கிவிடும். மாடியில் இருக்கும் ஒரு கிலோவாட் அதைத் தயாரித்துவிடும். ஏ.சி. வாங்கிய வீட்டுக்கு வாசலில் பில் வரத்தான் செய்யும்.

அந்த ஆண்டு இலவச மின்சாரம் குஜராத் அரசியலில் சூடான சரக்கு. ஆட்சிக்கு வந்தால் மாதம் 300 யூனிட் இலவசம் என்று 2022 ஜூலையில் சூரத்தில் வாக்குறுதி தந்திருந்தது ஆம் ஆத்மி கட்சி. இலவசங்களைக் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்தது பா.ஜ.க. டிசம்பரில் தேர்தல். மொதேரா விழா நடந்தது அதற்கு இரண்டு மாதம் முன்பு. வேடிக்கை என்னவென்றால், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் கொண்டுவந்த மாடித் தகடு மானியத் திட்டத்தின் பெயரிலேயே 'முஃப்த் பிஜ்லி', இலவச மின்சாரம், இருக்கிறது. அதிலும் கணக்கு 300 யூனிட்தான்.

மொதேராவின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யமாகிறது. 80 கோடியே 66 லட்சத்தை 1,300 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒரு கிலோவாட் தகடு வைத்த வீட்டுக்கு ஆறு லட்சமா? மத்திய அரசு 2024இல் மானியத்துக்காக நிர்ணயித்த அடிப்படை விலை கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய். அந்த விலையில் 1,300 மாடிகளையும் நிரப்ப ஆறரைக் கோடி போதும். திட்டச் செலவில் அது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. தரையில் அமைக்கும் நிலையத்துக்கு மெகாவாட்டுக்கு நாலைந்து கோடி என்பது அன்றைய சந்தை நிலவரம். 6 மெகாவாட்டுக்கு அதிகபட்சம் 30 கோடி போட்டுக்கொள்ளலாம். மிச்சம் எங்கே போயிற்று? பேட்டரி, அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள், மின்பாதை, மீட்டர்கள், கோயிலின் விளக்குகள், வண்டிகளுக்கு மின்சாரம் ஏற்றும் வசதி. சுருக்கமாகச் சொன்னால், சூரியன் இல்லாத நேரத்தையும் சூரியக் கணக்கிலேயே ஓட்டுவதற்கு ஆன செலவு.

பேட்டரி முழுதாக நிரம்பினால் 15,000 யூனிட். வீட்டுக்கு 11 யூனிட்டுக்கு மேல். ஓர் இரவுக்குத் தாராளம். மூன்று நாள் விடாமல் மழை மேகம் மூடினால்? அதற்கும் மேசாணாவிலிருந்து வரும் பழைய கம்பி இருக்கவே இருக்கிறது. அதை யாரும் கழற்றிவிடவில்லை.

குஜராத்தில் இதுபோன்ற பரிசோதனை புதிதல்ல. பணத்தைக் கொட்டி முதலில் கற்றுக்கொண்ட மாநிலம் இது. 2010இல் இங்கே சூரிய மின்சாரத்துக்கு மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை, முதல் 12 ஆண்டுகளுக்கு யூனிட் 15 ரூபாய். இன்று அதிகம்தான் என்று தோன்றும். அன்று தகடுகளின் விலை அப்படி. அந்த விலையை நம்பித்தான் பக்கத்து பாட்டன் மாவட்டத்தின் சாரங்கா பாலைவெளியில் பிரமாண்டமான சோலார் பூங்கா எழுந்து 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதே மாதம் மேசாணா மாவட்டத்தின் சந்திராசன் கிராமத்தில் நர்மதைக் கால்வாயின் மேலேயே தகடுகளைப் பரப்பி ஒரு மெகாவாட் நிலையத்தையும் திறந்து வைத்தார்கள். நிலம் மிச்சம், கால்வாய் நீர் ஆவியாவதும் குறையும் என்ற இரட்டை யோசனை. 2020 டிசம்பரில் இதே குஜராத்தின் ஏலத்தில் யூனிட் விலை 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கியது. பத்தே ஆண்டில் பதினைந்து ரூபாய் இரண்டு ரூபாயானது. சீனத் தொழிற்சாலைகள் மலை மலையாகத் தகடுகளைத் தயாரித்துக் குவித்ததுதான் முக்கியக் காரணம். 2010 விலையோடு ஒப்பிட்டால் உலகச் சந்தையில் தகட்டின் விலை இப்போது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

பெரிய நிலையத்தின் கணக்கு அது. தனி வீட்டின் கணக்கு அத்தனை வேகமாக இறங்கவில்லை. தகடு மலிவானாலும் இரும்புச் சட்டம், ஒயர், மாடி ஏறி வேலை செய்யும் ஆளின் கூலி, மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் எதுவும் அந்த அளவுக்கு மலிவாகவில்லை.

மொதேராவில் இல்லாத ஒருவர், சொந்தக் காசில் மாடியில் தகடு போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது 3 கிலோவாட். 300 சதுர அடி மாடி வேண்டும். சந்தையில் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்கிறார்கள். 2024 திட்டத்தின்படி மத்திய மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். அரசின் அடிப்படை விலையில், அதாவது முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 50,000, மூன்றாவதற்கு 45,000 என்று பார்த்தால் மொத்தம் 1,45,000. மானியம் போகக் கையிலிருந்து 67,000. ஆனால் அடிப்படை விலைக்கு வேலை முடித்துத் தரும் கான்ட்ராக்டரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தகடுகளின் அடியில் ஆள் நடமாடும்படி சட்டத்தை உயர்த்திக் கட்டச் சொன்னால் விலையும் உயரும். குஜராத்தில் இதை வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு.

ஏனென்றால் இங்கே மாடி சும்மா கிடக்கும் இடமல்ல. குஜராத்திகள் அதை அகாஷி என்கிறார்கள். வருஷத்துக்கு வேண்டிய கோதுமையை அங்கேதான் புடைத்துக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி டின்னில் அடைக்கிறார்கள். கோடையில் அப்பளம் உலர்வதும், வெக்கை தாங்காத இரவில் கட்டில் விரிப்பதும் அங்கேதான். ஜனவரி 14 உத்தராயண் அன்று குடும்பமே காலையிலிருந்து மாடியில்தான். பட்டம், எள்ளு மிட்டாய், ஸ்பீக்கர் என்று ஊரே அமர்க்களப்படும். 300 சதுர அடியைத் தகடுகளுக்கு விட்டுக்கொடுப்பது என்பது அந்த வீட்டின் பெண்களும் குழந்தைகளும் தரும் விலை. எந்தக் கொட்டேஷனிலும் அது வராது.

இன்னொரு சங்கதியும் கொட்டேஷனில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். மானியம் வேண்டுமென்றால் தகடு மட்டுமல்ல, அதிலுள்ள சில்லும் இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதிச் சில்லு போட்டதைவிட இது விலை கூடுதல். ஆக மானியத்தின் ஒரு பகுதி வீட்டுக்காரர் வழியாக உள்நாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேருகிறது. நாட்டுக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் 78,000 ரூபாயும் தனக்கே கிடைத்ததாக வீட்டுக்காரர் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. தவிர, பணம் முன்னால் வராது. தகடு ஏறி, மின்கழக அதிகாரி பார்த்து, இருவழி மீட்டர் மாட்டி, மின்சாரம் ஓடிய பிறகே வங்கிக் கணக்கில் விழும். அதுவரை சொந்தப் பணமோ கடனோ. 2025 செப்டம்பரில் சோலார் கருவிகள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது ஒரு சிறு ஆறுதல்.

கிடைப்பது எவ்வளவு? ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் மாதம் 360 யூனிட். '300 யூனிட் இலவசம்' என்ற முழக்கம் பிறந்தது இந்தப் பெருக்கலில்தான். அரசு யாருக்கும் 300 யூனிட்டைத் தூக்கித் தரவில்லை. சொந்த மாடி தருகிறது, அரசு மாடிக்கு மானியம் தருகிறது. யூனிட் ஆறு ரூபாய் என்றால் மாதம் 2,160 ரூபாய் மிச்சம். ஒரு லட்சம் ரூபாயை 7 சதவிகித வட்டிக்கு ஐந்து வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 2,000 ரூபாயைத் தொட்டு நிற்கும். மிச்சமாகும் பில்லே தவணையைக் கட்டிவிடும். ஆறாவது வருஷத்திலிருந்து லாபம். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டர் அத்தனை காலம் தாங்காது. எட்டுப் பத்து வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறவர் புத்திசாலி.

மாதம் 80 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இந்த அவசரம் இல்லை. அவர் 3 கிலோவாட் போட்டால் முக்கால்வாசி மின்சாரம் கம்பிக்குத்தான் போகும். மானியத் திட்டங்களில் குஜராத் முந்திக்கொண்டு 2019இல் 'சூர்ய குஜராத்' என்று தொடங்கியபோது, வீட்டில் மிஞ்சும் யூனிட்டுக்கு மின்கழகம் தருவதாகச் சொன்ன விலை 2 ரூபாய் 25 காசு. விற்கும்போது 2.25, வாங்கும்போது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கடைத்தெருவில் இது புதிதல்ல என்றாலும், மாடியை மின் தொழிற்சாலையாக்கிப் பணம் பார்க்கலாம் என்று நம்பிப் பெரிதாகப் போட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். தேவைக்குச் சரியான அளவே லாபமான அளவு.

பிறகு தூசி. மேசாணா வட்டாரத்தில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை காற்று புழுதியைச் சுமந்தே வரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது கழுவாவிட்டால் உற்பத்தி இறங்கும். கழுவத் தண்ணீர்? நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. கிடைக்கும் ஆழ்குழாய் நீரிலும் உப்பு. தகட்டில் வெள்ளைக் கறை படியும். நர்மதைத் தண்ணீர் குழாயில் வந்த பிறகு நிலைமை தேவலாம். வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. தகடு வெளிச்சத்தைத் தின்னும், சூட்டை அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மே மாத மதியத்தில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி, முதல் முறை கரன்ட் போகும்போது வரும். மாடியில் உச்சி வெயில். தகடுகள் பளபளக்கின்றன. வீட்டுக்குள் மின்விசிறி நின்றுவிடுகிறது. மின்பாதையோடு இணைந்த அமைப்பு, பாதை செத்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நின்றுபோன நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் கிடையாது. ஒன்றரை யூனிட் சேமிக்கும் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியே பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் வரும். சில வருஷத்தில் அதை மாற்றவும் வேண்டும். ஓர் இரவுக்கு ஏழெட்டு யூனிட் வேண்டிய வீடு எத்தனை பேட்டரிகளை எங்கே அடுக்கும்? சுஜான்புராவில் அரசு போட்ட கோடிகளின் அர்த்தம் அந்த நிமிஷத்தில் வீட்டுக்காரருக்குப் புரியும்.

மொதேராவுக்கு வடமேற்கே, பாகிஸ்தான் எல்லையை நோக்கிப் போனால் பழைய பனாஸ்காண்டா மாவட்டத்தின் சுய்காம் வட்டத்தில் மசாலி என்று ஒரு சிற்றூர். எல்லை இங்கிருந்து 40 கிலோமீட்டர். ஊரின் ஜனத்தொகை 800தான். 2024 மானியத் திட்டத்துக்குப் பிறகு இங்கே 119 வீடுகளின் மேல் தகடு ஏறியது. மொத்தம் 225.5 கிலோவாட். செலவு ஒரு கோடியே 16 லட்சம். இதில் அரசு மானியம் 59 லட்சத்து 81 ஆயிரம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி 35 லட்சத்து 67 ஆயிரம். ஊர்மக்கள் போட்டது 20 லட்சத்து 52 ஆயிரம். வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்காரரின் கையிலிருந்து போனது சராசரி 17,000 ரூபாய் சொச்சம்.

மொதேராவில் வீட்டுக்கு ஒரு கிலோவாட், ஆறு லட்சம். மசாலியில் வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவாட், ஒரு லட்சத்துக்கும் குறைவு. தகடு ஒன்றுதான், சூரியன் ஒன்றுதான். நடுவில் இருக்கும் வித்தியாசத்தின் பெரும்பகுதி இரவு. மசாலி தன் இரவைத் தானே வாங்கவில்லை. பகலில் மிஞ்சுவதை மின்பாதையில் விட்டுவிட்டு, இருட்டிய பிறகு அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மீட்டர் கழித்துக் கூட்டிப் பார்க்கும்போது கணக்கு நேராகிவிடுகிறது. காகிதத்தில் சூரிய மின்சாரம். ராத்திரி எட்டு மணிக்கு விளக்கில் எரிவது பெரும்பாலும் நிலக்கரி.

அந்த எட்டு மணி மின்சாரத்தின் விலையை யாரோ கொடுக்கத்தான் வேண்டும். கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் சம்பளம், மாலை நேரத்துக்காகவே தயாராக நிற்கும் அனல் நிலையம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதிக யூனிட் ஓட்டி அதிக விலை கொடுத்துவந்த பெரிய வீடுகள்தான் முதலில் தகடு போடுகின்றன. அவர்களின் பில் சுருங்கினால் மின்கழகத்தின் வருமானம் சுருங்கும். கம்பத்தின் செலவு சுருங்காது. அது தகடு போட முடியாதவர்களின் கட்டணத்தில் வந்து உட்காரும் என்ற கவலை மின்கழகங்கள் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. நியாயமான கவலைதான். யார் அந்தத் தகடு போட முடியாதவர்கள்? வாடகைக்கு இருப்பவர்கள், ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் இருப்பவர்கள், அடுக்குமாடியில் மொட்டை மாடிக்குச் சொந்தம் கொண்டாட முடியாதவர்கள். அகமதாபாத்தின் மணிநகரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஃபிளாட்காரர்களின் கதையும் இதுதான். குடியிருப்போர் சங்கத்துக்கு, பொது விளக்கு, லிஃப்ட், பம்பு ஆகியவற்றுக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு முதலில் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும்!

ஆனாலும் ஜனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து இறங்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் மத்தியத் திட்டத்தில் தகடு போட்ட வீடுகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குஜராத்தில். வியாபாரிகள் நிறைந்த மாநிலம், ஐந்து வருஷத்தில் முதல் திரும்புமா என்ற கேள்விக்கு வேகமாகப் பதில் கண்டுபிடித்திருக்கிறது. தவிர, 2019 திட்டம் முதலே இங்கே மின்கழகங்கள் வேலையைப் பழகிவிட்டன. மீட்டருக்காக மாதக்கணக்கில் அலையவிடும் மாநிலங்களில் அதே மானியம் அத்தனை வேகமாகச் செல்லுபடியாவதில்லை.

இரவின் விலையும் இறங்கிக்கொண்டுதான் வருகிறது. மொதேரா விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2022 ஆகஸ்டில், மத்திய அரசின் சோலார் கழகம் நடத்திய ஏலத்தில் ஒரு மெகாவாட் பேட்டரிக்கு மாத வாடகை சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024 மார்ச்சில் குஜராத் நடத்திய ஏலத்தில் அது நாலரை லட்சம் அளவுக்கு வந்தது. பதினைந்து ரூபாய் தகட்டு மின்சாரத்தை முதலில் வாங்கிச் சூடுபட்ட மாநிலம், பேட்டரியிலும் முதலில் விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. பின்னால் வருகிறவர்களுக்கு மலிவு.

பீமதேவனின் ராணி உதயமதி பாட்டனில் கட்டிய படிக்கிணறு இன்று நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. ராஜா கட்டிய கோயிலுக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை. பதிலாக மின்சாரம் கிடைத்தது. பொழுது சாயும் வேளையில் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கின்றன. குளத்தின் படிகளில் நிழல் ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஊருக்குள் மாடிகளில் தகடுகள் சாம்பல் நிறமாகின்றன. மீட்டர்கள் திசை மாறி, கொடுத்த கணக்கை நிறுத்தி எடுக்கும் கணக்கைத் தொடங்குகின்றன. அகாஷியில் உலர்ந்த அப்பளத்தை ஒரு பெண் தகட்டின் அடியிலிருந்து குனிந்து அள்ளிக்கொண்டு படியிறங்குகிறாள். சற்று நேரத்தில் கோயில் சுவரில் ஒளிக்காட்சி தொடங்கும். சிகரம் இல்லாத கோயிலின் கதை வண்ண வண்ணமாக ஓடும். அதற்கான வெளிச்சம் சுஜான்புராவில் மத்தியானமே சேமித்து வைக்கப்பட்டுவிட்டது.